நாடற்றவனுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்

சிட்னியில், பென்டில் ஹில் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை வைஷ்ணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். என் பழைய சிநேகிதர் ஒருவரின் மகள். ஓர் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கன்பராவில் எம்.பி.க்கள் சிலர், தங்களுக்கே தெரியாமல் வேறொரு நாட்டுக்கும் குடிமக்களாக இருப்பதைக் கண்டுபிடித்து, ஒருவர் பின் ஒருவராகப் பதவியைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் ஆஸ்திரேலியாவில் எம்.பி.யாக இருக்கக்கூடாது என்பது சட்டம். யாருடைய தகப்பன் எங்கே பிறந்தார், யாருடைய தாய் எங்கே பிறந்தாள் என்று நாடு முழுக்க ஒரே ஆராய்ச்சி.

"அங்கிள், எழுபதுகளில நீங்கள் ஒரு எம்.பி.யிட்ட வேலை செய்தனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். அப்ப அவையின்ர தாய் தேப்பன் எங்க பிறந்தவை எண்டெல்லாம் செக் பண்ணினனீங்களே?"

"இல்லைப் பிள்ளை. ஒருக்கா ஒராள் தற்செயலாச் செக் பண்ணிப்போட்டார். அதுக்கே என்ர எம்.பி.க்கு வேர்த்து ஊத்தினது."

அவள் சிரித்துவிட்டு, அதை எழுதித் தாருங்கள், எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சிக்கு உதவும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இது யாருடைய பயிற்சிக்கும் உதவாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓய்வு பெற்றவனிடம் எழுது என்று யாராவது சொன்னால் அவன் எழுதாமல் விடுவானா?

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலாயாவில் ரயில்வே கிளார்க் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, நடை பழகும் முன்பே யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குக் கொண்டுவரப்பட்டவன். கொழும்பில் அரசாங்க உத்தியோகம். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணாதவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்று சொன்னார்கள். நானும் பாஸ் பண்ணவில்லை, அவர்களும் உயர்த்தவில்லை. வெள்ளையர்களுக்கு மட்டும் திறந்திருந்த ஆஸ்திரேலியக் கதவு கொஞ்சம் இளகியதும் மனைவியோடு மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன். வந்த சூட்டோடு எனக்கு இங்கே வாக்குரிமையும் கிடைத்தது. பொதுநலவாய நாட்டிலிருந்து வந்ததால் சட்டப்படி நான் 'பிரிட்டிஷ் பிரஜை'யாம். பக்கத்து வீட்டு இத்தாலியர் பல வருடமாக இங்கே தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வாக்கு இல்லை. தேர்தல் நாளில் அவர் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, புதிதாகத் தெரிவான எம்.பி. ஒருவர் தன் தொகுதி அலுவலகத்துக்குச் செயலாளர் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். அவரை மிஸ்டர் பிரைட்வெல் என்று அழைப்போம். உண்மைப் பெயர் அதுவல்ல, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நேர்முகத்துக்குப் போனேன். உயரமான மனிதர், நரைத்த மீசை, வெயில் காலத்திலும் கழுத்துப்பட்டி. என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து, தமிழில் உரத்துச் சொன்னார்:

"சுடுதண்ணி கொண்டா! சீக்கிரம்!"

நான் எழுந்து குசினி எந்தப் பக்கம் என்று தேடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீர் கேட்கவில்லையாம், வணக்கம் சொன்னாராம். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்த வகைதான். வா, போ, கொண்டா, கழுவு, விளக்கை அணை. சின்ன வயதில் ஆயாவிடமும் சமையற்காரனிடமும் பெரியவர்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். கேள்வி கேட்கவோ நன்றி சொல்லவோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில். அவருடைய தகப்பனும் அதே பங்களாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டார்கள். யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரேயொரு தடவை தெரிவானார். அங்கே அவரைக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். தேயிலையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவரை எழுப்புவார்களாம். ஆசனத்திலிருந்தா, நித்திரையிலிருந்தா என்று நான் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் எதிராளி சந்திக்குச் சந்தி நின்று, இந்த மனிதர் இந்த ஊரிலும் பிறக்கவில்லை, இந்த நாட்டிலும் பிறக்கவில்லை என்று சொன்னான். தோற்றுப்போனார். அந்தக் கோபத்தில் மெல்பேர்ணுக்கு வந்தார். இங்கே அவரை இங்கிலாந்துக்காரன் என்று கேலி செய்தார்கள். கட்சி, வெல்லவே முடியாத தொகுதி ஒன்றை அவருக்குக் கொடுத்தது. அந்த முறை காற்று மாறி அடித்ததில் வெல்ல முடியாதவர்களும் வென்றார்கள்.

தொகுதி மெல்பேர்ணின் மேற்குப் பக்கம். இன்றைக்கு ட்ருகனினாவில் களஞ்சியங்களும் புது வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அன்று அங்கே வாக்காளரைவிடச் செம்மறிகள் அதிகம். பிரைட்வெல் அங்கே போய்வந்தால் காற்சட்டையிலிருந்து முட்புல்லைப் பிடுங்கிப்போடுவது என் வேலைகளில் ஒன்று.

அவருடைய வேலை முறை முழுக்க லண்டன் முறை. சனிக்கிழமை காலைகளில் தொகுதி மக்களைச் சந்திப்பார். அதற்கு 'சேர்ஜரி' என்று பெயர், லண்டன் எம்.பி.க்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வைத்தியர் நோயாளரைப் பார்க்கும் அறைக்கும் அதே பெயர்தான். கதவில் அதை எழுதி ஒட்டிய முதல் சனிக்கிழமை, காதுவலியோடு ஒரு கிழவி வந்து உட்கார்ந்திருந்தாள். விஷயத்தை விளக்கினேன். இவ்வளவு நேரம் காத்திருந்தாயிற்று என்று, தன் தெருவின் வடிகாலைப் பற்றி முறைப்பாடு சொல்லிவிட்டுப் போனாள்.

அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதுவதில்தான் அவருடைய முழுத் திறமையும் இருந்தது. ஒரு தாளுக்கு மேல் போகக்கூடாது. முதல் வரியில் ஆள் யார். அடுத்த வரியில் என்ன வேண்டும். கடைசிப் பத்தியில், அதைக் கொடுத்தால் அமைச்சருக்கு என்ன இலாபம்.

"சட்டம் பேசினால் கடிதம் சட்டத்தரணியிடம் போய்விடும், சிவா. இரக்கம் பேசினால் குப்பைக் கூடைக்குப் போய்விடும். அமைச்சரின் வசதியைப் பற்றிப் பேசு" என்பார். என் முழுப்பெயர் சிவசம்பு. அவர் அதைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

அதைவிட முக்கியம் கடிதத்தின் தலையும் காலும். 'அன்புள்ள அமைச்சர் அவர்களுக்கு' என்ற வரியையும் நான் தட்டச்சில் அடித்தால் அது சாதாரணக் கடிதம். அமைச்சரின் அலுவலகத்தில் அதைத் திறக்கிறவர் நேரே துறைக்குத் தள்ளிவிடுவார். துறை ஒரு பாடமாக்கிய பதிலை அனுப்பும். மேலேயும் கீழேயும் நான் இடம் விட்டு, அந்த இடத்தில் பிரைட்வெல் தன் ஊற்றுப்பேனாவால் அமைச்சரின் முதற்பெயரைப் போட்டு 'என் அன்புள்ள' என்று எழுதினால், அது வேறு சாதி. அது அமைச்சரின் மேசைக்கே போகும். இரண்டு பக்கத்திலும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். கடிதத்தைச் சொல்லி முடித்ததும் அவர் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார். "டைப்." அல்லது, "பேனா."

பேனா இலேசில் திறபடாது. கிளப் தலைவர்களுக்கும் கட்சிக்கு வேண்டியவர்களுக்கும் திறபடும். சேர்ஜரியில் வந்து குந்தியிருக்கும் சனங்களுக்கு அநேகமாக டைப்தான். அடிக்கடி ஒருவரை அன்புள்ள என்று அழைத்தால் அந்த அன்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பது அவருடைய விளக்கம். நானும் ஆயிரம் முறை தலையாட்டியிருக்கிறேன். மாதாமாதம் சம்பளம் தருகிற மனிதரிடம் வேறென்ன ஆட்டுவது?

அப்படி ஒரு சனிக்கிழமைதான் சன்னாசி வந்தான்.

ட்ருகனினாப் பண்ணை ஒன்றின் சொந்தக்காரி, தன் பழைய வான் வண்டியில் அவனைக் கொண்டுவந்து இறக்கினாள். முப்பது வயது மதிக்கலாம். கறுத்து மெலிந்த உருவம், இரவல் கோட்டு. "இவன் உங்கள் நாட்டவன், நீங்களே பேசுங்கள்" என்று என்னிடம் விட்டுவிட்டு அவள் சிகரெட் பற்றவைக்க வெளியே போனாள்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் புதிய தமிழனைக் கண்டால் முதலில் கேட்பது சுகத்தை அல்ல. நானும் வழக்கம் தவறவில்லை.

"தம்பி, ஊரில எவடம்?"

"கண்டிப் பக்கங்க."

"கண்டியில எவடம்?"

"அதுக்கும் மேல போகணுங்க."

"நுவரெலியாவோ? நுவரெலியாவில எவடம்?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"தோட்டந்தாங்க. லயத்துல பொறந்தவன். அதுனால இந்த ஆபீஸ்ல ஆகாதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கொழும்பில் எத்தனை அலுவலகங்களில், எத்தனை எங்கள் ஆட்களிடம் அவன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பான் என்று நினைத்தேன். "ஆகும், இரும்" என்று கதிரையைக் காட்டினேன்.

அவன் கதை நீளமில்லை. பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்து மலையேறியவர். தகப்பன் தோட்டத்தில் பிறந்தார், இவனும் தோட்டத்தில் பிறந்தான். நாடு சுதந்திரம் அடைந்ததும் ஒரு சட்டம் வந்தது: தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால்தான் மகன் இலங்கையன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு வைத்தார்கள்? இவனுடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து ஆட்களைப் பங்குபோட்டபோது, இவனை இந்தியாவுக்கு அனுப்பும் பக்கத்தில் சேர்க்கப் பார்த்தார்கள். அவன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு ஓடி, ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலின் குசினியில் சேர்ந்து, மெல்பேர்ணில் இறங்கி நடந்துவிட்டான். பண்ணையில் வேலி கட்டினான், ஆடு பார்த்தான், சமைத்தான். இப்போது குடிவரவுத் துறை பிடித்துவிட்டது. பண்ணைக்காரியின் பொறுப்பில் வெளியே விட்டிருந்தார்கள். அடுத்த கப்பலில் கொழும்புக்கு அனுப்ப உத்தரவு.

"கொழும்புல எறக்குனா நம்மாளு இல்லன்னு புடிச்சி உள்ள போடுவாங்கய்யா. இல்லாட்டி அக்கரைக்குத் தள்ளிருவாங்க. அங்க எனக்கு ஒரு நாயத் தெரியாது. இங்கன வேலி கட்டிக்கிட்டு இருந்துர்றேன், யாருக்கும் தொந்தரவு இல்ல."

பிரைட்வெல் அறைக்குள் கூட்டிப்போனேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் அவர் துள்ளி எழுந்தார். தன் பங்களாவிலிருந்து இரண்டு மலை தள்ளி! சன்னாசி, அவர் யாரென்று நான் சொல்லும் முன்பே, "தொரை" என்று கைகட்டி நின்றான். இவர் பூரித்துப்போய்த் தமிழில் வணக்கம் சொன்னார்.

"குதிரையைக் கட்டு! கதவைச் சாத்து!"

சன்னாசி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

அரைமணி நேரம் மலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழாக்கினேன். இடையில் உத்தரவைப் பற்றியும் கொஞ்சம் பேசப்பட்டது. அவன் போனதும் கண் கலங்கக் கடிதத்தைச் சொன்னார். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"டைப்" என்றார். அப்படியே அடித்தேன்.

பதில் நான் எதிர்பார்த்தபடியே வந்தது. மேற்படியார் இலங்கையில் பிறந்தவர், ஆகவே இலங்கையர், ஆகவே இலங்கைக்கு அனுப்பப்படுவார். எனக்குப் பொறுக்கவில்லை. துறையில் இந்த விஷயத்தைப் பார்க்கிற அதிகாரியை ஒருமுறை அழைத்துப் பேசுவோமா, நேரே பேசினால் நீங்கள்தான் கெட்டிக்காரர் என்று பிரைட்வெலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். ஏறினார்.

அதிகாரியின் பெயரை டொய்ல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒல்லியான, சிரிக்காத மனிதர். மேசைக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பிரைட்வெல், ஓரத்தில் நானும் சன்னாசியும். பண்ணைக்காரி வெளியே வானில் இருந்தாள்.

பிரைட்வெல் நாடாளுமன்றக் குரலில் தொடங்கினார். "மிஸ்டர் டொய்ல், நானும் அந்த மலையில் பிறந்தவன். இவனுக்காக என் மனம் வருந்துகிறது. ஆனால் ஒரு நாட்டில் பிறந்தவனை அந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று துறை சொன்னால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?"

வந்த காரியத்தை இவரே முடித்துக் கட்டுகிறாரே என்று எனக்குத் தலை சுற்றியது. டொய்ல்தான் குறுக்கிட்டார்.

"அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சேர். கடிதம் அனுப்பிய பிறகு கொழும்பை விசாரித்தோம். இவர் தங்கள் ஆள் இல்லை என்கிறார்கள். இந்தியத் தரப்பை விசாரித்தோம். இவர் தங்களிடம் விண்ணப்பிக்கவே இல்லை என்கிறார்கள். என்னிடம் ஆளை அனுப்ப உத்தரவு இருக்கிறது. அனுப்ப முகவரி இல்லை."

"அங்கே பிறந்தவன் எப்படி அவர்கள் ஆள் இல்லாமல் போவான்?"

டொய்ல் தகப்பன் விதியை விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி?" என்று கேட்டார். நான் மலாயாவில் பிறந்தவன், தகப்பனும் பாட்டனும் யாழ்ப்பாணத்தில் பிறந்ததைக் காட்டித்தான் கடவுச்சீட்டு எடுத்தேன் என்றேன்.

"உமது தகப்பன் எங்கே பிறந்தார்?" என்று சன்னாசியிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அதே தோட்டத்துலதாங்க. ஆனா காட்ட ஒண்ணுமில்ல. பாத்தவங்களும் செத்துப் போனாங்க."

இந்த இடத்தில் பிரைட்வெல் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருக்கத் தெரிந்தவர் ஏன் நாடாளுமன்றத்துக்குப் போகிறார்?

"இதென்ன பெரிய காரியம்!" என்றார். "என் தகப்பனார் பிறந்தது அங்கேதான். தேவாலயத்தில் பதிவு இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பம் அந்த மலையில் எத்தனை காலம்!"

டொய்ல் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவரை முதன்முறையாகக் கவனமாகப் பார்த்தார்.

"அப்படியானால், சேர், இந்தச் சட்டத்தின் அளவில் மலாயாவில் பிறந்த உங்கள் செயலாளர் இலங்கையர். பங்களாவில் பிறந்த நீங்களும் இலங்கையர். இவர் ஒருவர்தான் இல்லை."

சன்னாசி என் காதருகே, "தொரைக்கு என்னங்கய்யா, மூஞ்சி செவந்து போச்சி?" என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டினேன்.

"நான் இலங்கையன் இல்லை" என்றார் பிரைட்வெல்.

"இப்போது இல்லாமல் இருக்கலாம், சேர். வேறு நாட்டுக் குடியுரிமை இருப்பதால் அது கைவிட்டுப் போயிருக்கும். அநேகமாக. யாராவது தேடிப் பார்த்தால்தான் தெரியும்."

"யார் தேடப்போகிறார்கள்?"

"நாங்கள் தேடமாட்டோம். ஆனால் வெளியே நிற்கும் அந்த அம்மா, இவரை அனுப்பினால் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவருவேன் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். வந்தால் இந்த விதியைத்தான் விளக்க வேண்டியிருக்கும். விளக்குவதற்கு உதாரணம் கேட்பார்கள்."

டொய்ல் இதை மிரட்டலாகச் சொன்னாரா, வெறும் தகவலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய முகத்தில் எதையும் படிக்க முடியாது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, கப்பல் அடுத்த மாதம் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரைட்வெல் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவருக்குச் சட்டப்படி ஆபத்து இருந்ததா என்றால், இருந்திருக்காது என்றுதான் பின்னாளில் ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னார். ஆனால் ஒருமுறை பிறந்த இடத்தால் ஆசனத்தை இழந்த மனிதர் அவர். சந்திக்குச் சந்தி நின்று கத்திய அந்த எதிராளியின் குரல் அப்போது அவர் காதில் கேட்டிருக்க வேண்டும்.

"அமைச்சருக்கு இன்னொரு கடிதம் எழுது. நீயே எழுது" என்றார், திரும்பாமலே.

அவருடைய முறைப்படியே எழுதினேன். சட்டம் பேசவில்லை. இரக்கம் பேசவில்லை. இறக்குவதற்குத் துறைமுகம் இல்லாத ஒருவனைக் கப்பலில் ஏற்றினால், அவன் போய்ப் போய்த் திரும்பி வருவான், ஒவ்வொரு தடவையும் அமைச்சர் சபையில் பதில் சொல்ல நேரும், இங்கேயே இருக்க விட்டால் ஒரு பண்ணைக்கு வேலி கிடைக்கும் என்று எழுதினேன். தலையிலும் காலிலும் இடம் விட்டேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். மேலே இருந்த வெறுமையில் அவர் விரல் நின்றது.

"நான் பேனா என்று சொன்னேனா?"

"இல்லை, சேர்."

"பிறகு ஏன் இடம் விட்டாய்?"

"டைப் என்றும் நீங்கள் சொல்லவில்லை, சேர்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பண்ணைக்காரி வானில் சாய்ந்து புகைவிட்டுக்கொண்டிருந்தாள். சன்னாசி கீழே குந்தியிருந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் அலுவலக வாசலின் பெயர்ந்த கல்லை எடுத்துச் சரியாகப் பொருத்திக்கொண்டிருந்தான். பிரைட்வெல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊற்றுப்பேனாவைத் திறந்தார். 'என் அன்புள்ள' என்று தொடங்கி அமைச்சரின் முதற்பெயரை எழுதினார். கீழே, 'தனிப்பட்ட முறையில் நன்றியுடையவனாவேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மையை ஒற்றி எடுத்தார்.

பயத்தினால் எழுதினாரா, அந்தக் கல்லைப் பார்த்து எழுதினாரா? பாதிக்குப் பாதி என்று வைத்திருக்கிறேன். மனிதரிடம் பாதி தேறினாலே பெரிய காரியம்.

கப்பல் வரும் முன்பே பதில் வந்தது. அமைச்சர் மகிழ்ச்சியடைகிறார் என்று தொடங்கியதும் மிச்சத்தைப் படிக்கத் தேவை இருக்கவில்லை. தொலைபேசியில் சொன்னபோது சன்னாசியிடமிருந்து சத்தமே வரவில்லை. பிறகு பண்ணைக்காரி வாங்கிப் பேசினாள். அவன் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டானாம், அழுகிறானாம், என்ன சொன்னீர்கள் என்று என்னைத் திட்டினாள். நல்ல செய்தி என்று விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அடுத்த தொகுதி மடலில் பிரைட்வெல் இந்தச் செய்தியை முதற்பக்கத்தில் போட விரும்பினார். 'என் நாட்டவர் ஒருவரைக் காப்பாற்றினேன்' என்று தலைப்பு. "சேர், 'என் நாட்டவர்' வேண்டுமா?" என்று மட்டும் கேட்டேன். சூடுபட்டவர் போலத் தாளை இழுத்து அதை வெட்டி, 'தூர தேசத்தவர் ஒருவரை' என்று மாற்றினார்.

சில வருடங்கள் கழித்து, நகரமண்டபத்தில் குடியுரிமை வழங்கும் வைபவம். கிரேக்கர், இத்தாலியர், யூகோஸ்லாவியர் என்று மண்டபம் நிறைந்திருந்தது. அந்தப் பட்டியலில் சன்னாசியும் இருந்தான். இப்போது கோட்டு சொந்தக் கோட்டு. சத்தியப்பிரமாண வரிகளை நான் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கியிருந்தான். ஆனால் வரிசையில் நிற்கும்போது என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"ஐயா, மத்த விசுவாசம் எல்லாத்தையும் விட்டுடுறேன்னு ஒரு வரி இருக்கே. நா எதை விடுறது?"

"அது எல்லாருக்கும் பொதுவான வரி. அந்தக் கிரேக்கன் கிரேக்கத்தை விடுறான். அப்பிடி."

"அவருக்கு இருக்கு, விடுறாரு. எனக்கு எந்த நாடும் இல்லன்னு தானய்யா இம்புட்டுக் கடுதாசி எழுதுனீங்க? இப்ப இருந்தத விடுறேன்னு சாமி பேர்ல சொன்னா, பொய்ச் சத்தியமா ஆயிராதா?"

நகரசபை எழுத்தரிடம் போய்க் கேட்டேன். அவர், எல்லோரும் சொல்ல வேண்டும், வரிசையைத் தடுக்க வேண்டாம் என்றார். திரும்பி வந்து, "சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைச்சால் போதும்" என்றேன். ஓர் அரசாங்க அலுவலில் நான் கொடுத்த ஆலோசனைகளில் அது ஒன்றுதான் முழுக்கச் சரியானது என்று நினைக்கிறேன்.

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வரி வந்தபோது அவன் வாயைக்கூட அசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்து, அடுத்த வரியில் மண்டபம் அதிரச் சேர்ந்துகொண்டான்.

பிரைட்வெல் பேசினார். தாய்நாட்டைத் துறப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று உருக்கமாகப் பேசினார். கிரேக்கப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு இறங்கி வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். சன்னாசியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்றைக்கு நீ விட்டுக்கொடுத்தது கொஞ்சமல்ல" என்றார்.

சன்னாசிக்குப் பண்ணையில் ஆங்கிலம் வந்திருந்தது. தெளிவாகச் சொன்னான்: "விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை, சேர்."

பிரைட்வெல் சத்தமாகச் சிரித்து, தோளில் தட்டிவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.

அடுத்த வாரம் ஒரு விருந்தில் அவர் இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன், எதையும் விடவில்லை என்கிறானே, கீழைத்தேய மக்களின் அடக்கத்தைப் பாருங்கள் என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நான் பின்வரிசையில் இருந்தேன். அது அடக்கமில்லை, ஐயா, அவன் உள்ளதைச் சொன்னான் என்று எழுந்து சொல்ல எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. அலுவலகத்தில் என் மேசையில், கணவனை ஏதென்ஸிலிருந்து கூப்பிடக் காத்திருந்த ஒரு கிரேக்கப் பெண்ணின் கடிதம், தலையிலும் காலிலும் இடம் விட்டபடி, பேனாவுக்காகக் கிடந்தது. நானும் கைதட்டினேன்.